சாரதி சீற்றுக்கு அடியில்

இன்று காலை உன் வானின் சாரதி சீற்றைக் கழற்றினேன். போல்ட்டுகள் இளகியதும் உன் வியர்வையும் பழைய ரப்பரும் கலந்த மணம் மேலே வந்தது. அடியில் உன் பேஸ் ஸ்பீக்கர் பெட்டி, வாயை மேல்நோக்கித் திறந்தபடி. மச்சான், அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

மானிப்பாயில் நாம் இருவரும் சேர்ந்து வாகனங்களுக்குப் பாட்டுப்பெட்டி பூட்டிய காலம் முழுக்க, எல்லாரும் சப்வூஃபரை டிக்கியில்தான் கேட்டார்கள். வான் என்றால் பின்சீற்றுக்குக் கீழே. உன் வானுக்கு மட்டும் நீ இருக்கும் இடத்துக்கு நேர் கீழே, சீற்றின் இரும்புச் சட்டத்தோடு சேர்த்து முடுக்கினாய். "உதென்ன மச்சான், மூலவியாதிக்கு வைத்தியமோ?" என்று கேட்டேன். "உனக்கு விளங்காது" என்றாய். நான் ஏறினால் அதன் சுவிட்சை நிறுத்திவிடுவாய். என் ரசனை உனக்குப் பிடிக்காதாக்கும் என்று விட்டுவிட்டேன்.

கடைசி வருசத்தில் பூட்டி முடித்த வேலையை நீ காது கொடுத்துச் சோதித்ததே இல்லை. "அண்ணை, சத்தம் காணுமோ?" என்று பெடியள் கேட்டால் உள்ளங்கையைக் கதவில் வைத்து, கொஞ்சம் பொறுத்து, "காணாது, இன்னும் கூட்டவேணும்" என்பாய். பெரிய விண்ணன் என்று நினைத்து அவர்களும் கதவில் கை வைக்கத் தொடங்கினார்கள். வெட்கமில்லாமல் நானும் வைத்தேன். யார் கதைத்தாலும் அவர்களின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாய். அதை மரியாதை என்று நினைத்தோம்.

டெங்குக் காய்ச்சலில் நீ போன பிறகு, வானைத் தன் தம்பிக்குக் கொடுக்க நினைத்திருக்கிறாள் உன் மனைவி சுகந்தி. பெட்டியைக் கழற்றச் சொல்லி இன்று அவள்தான் கொண்டுவந்தாள்.

"கடைசி வருசம் முழுக்க அவர் என்னோடை கோவம், அண்ணை. பின்னாலை நிண்டு கூப்பிட்டால் திரும்பியும் பாக்கேல்லை. ஏனெண்டு சொல்லாமலே போயிட்டார்."

அவள் சொல்லிக்கொண்டிருக்க, நான் பெட்டியின் வயரைப் பிடித்துக்கொண்டு போனேன். அது பாட்டுச் செற்றுக்குப் போகவில்லை. அம்ப்ளிஃபயரில் ஏறி, கம்பளத்துக்கு அடியால் பின்கதவைத் தாண்டி, இலக்கத்தகட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன மைக்கில் போய் முடிந்தது. சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். வீதியில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. பெட்டி குதித்தது.

அது பாட்டுக் கேட்க வைத்த பெட்டி இல்லையடா. பின்னால் வரும் பஸ்ஸின் ஹோர்ன் உன் உடம்பில் இடிக்கவேண்டும் என்று வைத்தது. போரில் செல் விழுந்து வெடித்த காலத்தில் உன் வலது காது போனது ஊருக்கே தெரியும். இடதும் போனதை எவருக்கும் சொல்லவில்லை, பக்கத்தில் நின்று வேலை செய்த எனக்குக்கூட. காது கேட்காத நீ எங்கள் கடையில் சத்தம் விற்றிருக்கிறாய்!

சுகந்தியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் காட்டினேன். "அவருக்குக் கோவமில்லை, தங்கச்சி. காது கேக்கேல்லை."

அவள் அழவில்லை. குனிந்து அந்தப் பெட்டியில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப, ஆசுப்பத்திரியிலை கடைசியா நான் சொன்னதும் அவருக்குக் கேட்டிருக்காதோ?"

நல்ல செய்தி சொல்கிறேன் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்.

"எப்பிடிச் சொன்னனீர்?"

"நெஞ்சிலை முகத்தை வைச்சுக்கொண்டு."

"அப்ப கேட்டிருக்கும்" என்றேன்.

அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. சத்தம் எலும்பாலும் ஏறும் என்று எனக்குத் தெரியும். ஒருத்தி மெல்லச் சொன்ன சொல் ஏறுமா என்று தெரியாது. தெரியாமலே, தெரிந்தவன் மாதிரிச் சொல்லிவிட்டேன் மச்சான். அவள் அதை நம்பித்தான் வீட்டுக்குப் போனாள்.