முப்பதாம் நோன்பன்று விழுந்த கோல்

நீ அந்தப் பந்தை வேண்டுமென்றே விட்டாய். உன் கை நழுவவும் இல்லை, கண் இருட்டவும் இல்லை. பத்தடி தூரத்தில் நின்றவன் நான். பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

இத்தனை வருஷம் கழித்து இதைச் சொல்ல வைத்தது ஒரு பஞ்சர். இன்று காலை தெற்குவாசல் பக்கம் என் சைக்கிளில் காற்று இறங்கிவிட்டது. யுத்தத்தில் ரப்பர் கிடைப்பதில்லை. ஏற்கெனவே நாலு ஒட்டு விழுந்திருந்த டியூபைக் கடைக்காரர் உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனைத் தடவி, வாயால் ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியது. உன் கையில் எப்போதும் இருந்த வாசனை அது. உன் தங்கை கல்யாணத்தில் நீ எனக்கு அத்தர் தடவிவிட்டபோதுகூட அத்தரை மீறி அதுதான் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்து நீ சிரித்தாய்.

நான் திருவாதவூரிலிருந்து மில் வேலைக்கு வந்து, வில்லாபுரத்தில் ஒரே அறையில் ஐந்து பேரோடு ஒண்டியிருந்த காலம். எங்கள் மில் டீமின் பந்து கிழிந்தால் உன் சைக்கிள் கடைக்குத்தான் கொண்டுவருவோம். உள்ளே இருக்கும் பிளாடரை உருவி, சைக்கிள் டியூபுக்குப் போடுவது போலவே ஒட்டுப் போட்டு, திரும்பத் திணித்து, வாரை இறுக்கிக் கட்டித் தருவாய். பிறகு சோதனை என்று சொல்லித் தெருவின் அந்தக் கோடியில் எங்களை நிறுத்தி அடிக்கச் சொல்வாய். நாங்கள் அடித்த எதுவும் உன்னைத் தாண்டியதில்லை. அப்படித்தான் நீ எங்கள் கோல் கீப்பர் ஆனாய். எந்தக் கமிட்டியும் உன்னைக் கண்டுபிடிக்கவில்லை.

கமிட்டி பிறகு வந்தது. கடல் தாண்டிப் பல தேசங்களில் ஆடி ஜெயித்த சாம்பியன்கள் இந்தியாவைச் சுற்றி வருகிறார்கள், மதுரையிலும் ஒரு நாள் ஆடச் சம்மதித்திருக்கிறார்கள் என்று செய்தி வந்ததும் ஊருக்கு ஒரு கூட்டு டீம் தேவைப்பட்டது. மில்லில் நாலு பேர், ரயில்வேயில் மூன்று பேர், கல்லூரியில் மூன்று பேர், கோலில் நீ. கமிட்டித் தலைவர் ஒரு வக்கீல். கோயில் ஊர்வலக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. உனக்குத் தெரியும்.

தேதி குறித்த கூட்டம் நினைவிருக்கிறதா? எங்களையும் வரச் சொல்லி, உட்காரச் சொல்லாமல் சுவரோரம் நிற்க வைத்திருந்தார்கள். ரம்ஜான் பெருநாளன்று மேட்சை வைத்துக்கொள்ளலாம் என்றார் வக்கீல். கார்த்திகை மாதம், ரம்ஜான் பெருநாள், அடுத்து கிறிஸ்துமஸ், எல்லாவற்றையும் ஒரே நோட்டீசில் போட்டால் வெள்ளைக்காரனுக்கு நம் தேசத்தின் பெருமை விளங்கும் என்றார். அந்தப் பெருநாள் என்றைக்கு என்று உன்னைக் கேட்டார்.

"புதன் பொழுதடையப் பிறை தெரிஞ்சா வியாழன். தெரியலன்னா வெள்ளி" என்றாய்.

அவருக்கு எரிச்சல். அச்சாபீசுக்கு என்ன சொல்வது, ஒரே நாளாகச் சொல் என்றார். அதை வானம்தான் சொல்ல வேண்டும் என்று நீ சொன்னதும் கூட்டத்தில் சிரித்தார்கள். கடைசியில் குமாஸ்தா காலண்டரைப் பார்த்து வியாழன் என்று எழுதிக்கொண்டார். பிறையைக் காலண்டரில் பார்த்த கமிட்டி உலகத்திலேயே அது ஒன்றுதான். குமாஸ்தாவின் தவறு என்றுதான் அன்று நினைத்தேன். இன்று அந்தத் தேதியைக்கூடச் சந்தேகிக்கிறேன்.

புதன்கிழமை சாயங்காலம் மேற்கே ஒரே மேகம். ஐப்பசியில் பெய்ய மறந்த மழையெல்லாம் அங்கே நின்றது. உங்கள் தெருவே மொட்டை மாடியில் ஏறிக் கழுத்தை நீட்டியது. பிறை தெரியவில்லை. வியாழன் பெருநாள் இல்லை, முப்பதாம் நோன்பு என்று ஆயிற்று. சாம்பியன்களுக்கோ வெள்ளிக்கிழமை போட் மெயிலில் இலங்கைக்குப் போக வேண்டும். மேட்சைத் தள்ள முடியாது.

நாங்கள் எல்லோரும் உன்னிடம் வந்தோம். ஒரு நாள்தானே, நோன்பை விட்டுவிடு, ஊருக்காக என்று கேட்டோம். நீ டயரைக் கழற்றிக்கொண்டே சொன்னாய்:

"பந்து பிடிக்கிறது கை மாப்ள, வயிறு இல்ல."

இந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. உனக்கு எதிராக என் கையில் இருக்கும் முதல் சாட்சி இதுதான்.

வியாழக்கிழமை காலை சாம்பியன்களை ஊர் சுற்றிக் காட்டினார்கள். கோயில் யானையோடு ஒரு படம், தர்காவில் ஒரு படம், மாதாகோவிலில் ஒரு படம். எங்கள் தேசத்தில் வருஷம் முழுவதும் பண்டிகை என்று வக்கீல் இங்கிலீஷில் விரல் விட்டு எண்ணினார். அப்படியானால் நீங்கள் ஆடுவது எப்போது என்று அவர்களில் ஒருவன் கேட்டானாம். நம் ரயில்வே ஃபார்வர்டு அருளப்பன் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு வந்து சொன்னான். வக்கீல் மட்டும் சிரிக்கவில்லையாம். அவன் கேட்டது நியாயமான கேள்வி. பண்டிகைகளை அவர்களுக்குக் காட்டினார்கள். அந்தப் பண்டிகைகளுக்கு நடுவே நாம் எப்படி இருக்கிறோம் என்று காட்டவில்லை. அந்த மேட்சுக்கு இரண்டு வருஷம் முந்தி உன் தெருப் பள்ளிவாசல் முன்னால் மேளம் அடித்ததில் கலகம் வந்து, உங்கள் பக்கம் ஒருவருக்குக் கண் போனதையும், எங்கள் பக்கம் ஒரு பூக்கட்டுகிறவர் செத்ததையும் யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எழுதிய ஒப்பந்தத்தையும் சொல்லவில்லை. சாமி ஊர்வலம் வந்தால் பள்ளிவாசலுக்கு இந்தப் பக்க விளக்குக் கம்பத்திலிருந்து அந்தப் பக்க விளக்குக் கம்பம் வரை மேளம் நிற்க வேண்டும். அந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவில்தான் ஊரின் அமைதி தொங்கிக்கொண்டிருந்தது.

நாலு மணிக்கு ஆட்டம். அவர்கள் பூட்ஸ் போட்டிருந்தார்கள், நாம் வெறுங்கால். முதல் பாதியில் அவர்கள் அடித்தது எல்லாம் உன்னிடமே வந்து நின்றது. ஒரு பந்தை நீ இடது மூலையில் படுத்துப் பிடித்தபோது அவர்கள் கேப்டனே கை தட்டினான். ஒருவருக்கும் கோல் இல்லாமல் பாதி ஆட்டம் முடிந்தது. வைகைக்கு வடகரையில் அவ்வளவு ஜனத்தை நான் சித்திரைத் திருவிழாவுக்குத்தான் பார்த்திருக்கிறேன்.

இடைவேளையில் தகரக் கொட்டகையில் ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தோம். நீ பின்பக்கம் தொட்டித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாய். அப்போது வக்கீலின் மைத்துனன் உள்ளே வந்தான். நாதஸ்வரமும் நாலு தவிலும் வந்து இறங்கிவிட்டன என்றான். சாம்பியன்களோடு டிரா செய்தாலே ஜெயித்த மாதிரி, டீமை ஊர்வலமாகக் கூட்டிப் போகிறோம் என்றான். எந்த வழி என்று அருளப்பன் கேட்டான்.

"பள்ளிவாசத் தெரு வழியா. ஆறு மணிக்குக் கரெக்டா அங்க நிக்கணும். ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல கால் மணி நேரம் அடிக்கச் சொல்லியிருக்கேன். ஒப்பந்தம் சாமி ஊர்வலத்துக்குத்தானே? இது பந்து ஊர்வலம். எவன் கேப்பான்?"

வக்கீல் வீட்டு மூளை அது. ஒப்பந்தத்தில் எழுதாத இடத்தைத் தேடிக் கண்டுபிடித்திருந்தது. ஆறு மணி என்பது நோன்பு திறந்து, அத்தனை ஆண்களும் தொழுகைக்கு நிற்கும் நேரம். முன்வரிசையில் நடக்கவேண்டியவர்கள் நாம் பதினோரு பேர். ஆடிக் களைத்து மாலை போட்டுக்கொண்டு வருகிறவர்கள்மேல் ஒரு கல் விழுந்தால் போதும்.

நீ கேட்டுவிட்டாய். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, கொட்டகை வாசலில் நின்றிருந்தாய். தலையைத் துவட்டாமல் அப்படியே கோலுக்குப் போனாய்.

இரண்டாம் பாதியில் நீ களைத்துப்போனாய் என்று பிறகு சொன்னார்கள். பொய். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது என் காலைத் தாண்டிப் போன ஒரு பந்தை, அவர்கள் சென்டர் ஃபார்வர்டு நேருக்கு நேர் அடித்ததை, நீ எகிறி ஒற்றைக் கையால் கம்பிக்கு மேலே தள்ளினாய். கண் இருட்டியவன் செய்கிற காரியமா அது? அதற்குப் பிறகுதான் அந்தப் பந்து வந்தது. தூரத்திலிருந்து எவனோ சும்மா தட்டியது. உருண்டு வந்தது. நான் ஒதுங்கி வழிவிட்டேன், நீ எடுப்பாய் என்று. நீ குனிந்தாய். ஆனால் உன் கண் பந்தில் இல்லை. ரோட்டோரம் தவில்காரர்கள் வாரை இறுக்கிக்கொண்டிருந்த இடத்தில் இருந்தது. பந்து உன் இரண்டு கைக்கும் நடுவில் போயிற்று. கைகள் அசையவே இல்லை.

ஒரு கோல். அதோடு முடிந்தது. கூட்டத்திலிருந்து முதலில் வந்தது ஒரு செருப்பு. அடுத்தது, "துலுக்கன் வித்துட்டான்" என்ற குரல். சாம்பியன்களின் கேப்டன் உன்னிடம் வந்து கைகொடுத்தான், உன் தோளைத் தட்டினான். அதுவே உனக்கு எதிரான சாட்சியாக ஆயிற்று. மேளக்காரர்கள் வந்த வழியே போனார்கள். பள்ளிவாசல் தெருவில் அன்று சாயங்காலம் ஒன்றுமே நடக்கவில்லை. நோன்பு திறந்தார்கள், தொழுதார்கள், மறுநாள் பெருநாள் கொண்டாடினார்கள். ஒன்றும் நடக்காத நாளுக்கு யார் நன்றி சொல்வார்கள்?

சனிக்கிழமை உன் கடைக்கு வந்தேன். என்னடா ஆச்சு என்று கேட்டேன்.

"நோன்பு மாப்ள. கை நழுவிருச்சு. அம்புட்டுத்தான்."

வயிற்றுக்கும் பந்துக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னவன், பழியைக் கொண்டுபோய் வயிற்றின்மேல் போட்டாய். எங்கள் ஆட்கள் உன்னைத் துரோகி என்றார்கள். உன் தெருவிலோ, நோன்பைச் சாக்காகச் சொல்லி நோன்புக்கே இழுக்குத் தேடித்தந்தவன் என்றார்கள். இரண்டு பக்கமும் பேச்சு நின்றது. கடை வாசலில் சைக்கிள்கள் குறைந்தன. உண்மையைச் சொல்லியிருந்தால் மேளம் அடிக்காமலே கலகம் வந்திருக்கும், அதனால் வாயை மூடிக்கொண்டாய் என்று எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆயிற்று. அதற்குள் நீ உன் மச்சானோடு ரங்கூனுக்குக் கப்பல் ஏறிவிட்டாய்.

ரங்கூனில் குண்டு விழுந்து ஜனமெல்லாம் நடந்தே திரும்பியபோது உன் மச்சான் மட்டும் வந்து சேர்ந்தான். மலைப்பாதையில் உனக்குக் காய்ச்சல் முற்றியதாம். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, "நீங்க போங்க, பின்னாலயே வாரேன்" என்றாயாம். அவன் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தானாம். அதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனையும் நான் சந்தேகிக்கிறேன். என்ன செய்வது, யாரையும் நம்பும் பழக்கம் எனக்குப் போய்விட்டது.

வக்கீல் நன்றாக இருக்கிறார். இப்போது சர்வமத ஒற்றுமைக் கமிட்டிக்குத் தலைவர். போன மாதம் பேசும்போது அந்த மேட்சைக்கூடச் சொன்னார். மூன்று மதத்தாரும் ஒரே டீமில் நின்ற பொன்னாள் என்றார். பக்கத்திலிருந்த ஒருவரிடம் அந்த நாளின் கதை வேறு என்றேன். நீர் கம்யூனிஸ்டா என்று கேட்டார். மில்லில் யாரிடம் சொன்னாலும், அந்தத் துலுக்கக் கீப்பர் கதையா, விடப்பா என்கிறார்கள். நான் விடவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் ஒன்றை மட்டும் மறைத்து.

உன்னிடம் மறைக்க முடியாது, நீ பார்த்தாய். கொட்டகையில் அந்த மைத்துனன் "எவன் கேப்பான்" என்று முடித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். அருளப்பன் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். வாயில் ஆரஞ்சுச் சுளையோடு, சத்தமாகச் சிரித்தேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனமான வழி என்றுதான் அந்த நிமிஷம் தோன்றியது. அது நடந்தால் யார் சாவார்கள் என்று தோன்றவில்லை. சிரித்துக்கொண்டே திரும்பினேன், வாசலில் நீ. உன் பார்வை மைத்துனன்மேல் இல்லை, என்மேல் இருந்தது.

பத்தடி தூரத்தில் ஒரு சிநேகிதன் நிற்கிறான். அவனைக் கூப்பிட்டு, மாப்ள, இந்த ஊர்வலத்தை நிறுத்தணும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாம் இரண்டு பேரும் மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு ரோட்டில் குறுக்கே உட்கார்ந்திருக்கலாம். நீ என்னிடம் சொல்லவில்லை. உன் பெயரைக் கெடுத்துக்கொள்வது, என்னை நம்புவதைவிட உனக்குச் சுலபமாக இருந்தது. சனிக்கிழமை நான் வந்து கேட்டபோதும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு இன்னும் என் தொண்டையில் இருக்கிறது. மற்றவர்களை நான் திட்டும் ஒவ்வொரு கூட்டத்திலும் அது உள்ளேயிருந்து எனக்குக் கேட்கிறது.

உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமை இல்லாமல் இருக்கலாம். கேட்க உரிமை உண்டு. அந்த மேளத்துக்கு முன்னால் நானும் நடந்திருப்பேன் என்றா நினைத்தாய்? ஆமாம் என்றால் ஆமாம் என்று சொல். கை நழுவிற்று என்று மட்டும் இன்னொரு தடவை சொல்லாதே. சொல், மாப்ள.