செவலைக்குக் கட்டிய கதவு

ஆவணி 3, சனி

விடியலிலிருந்து மழை. ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை. வெள்ளைக் கோழியை மூசாங் கொண்டுபோய்விட்டது. கூட்டு வாசலில் தொங்கவிட்டிருந்த சாக்கைக் கிழித்து உள்ளே புகுந்திருக்கிறது, திருட்டு மரநாய். வாழையடியில் இறகு மட்டும். மிச்சம் செவலை ஒன்றுதான். மகள் பவுனு நேற்றுத்தான் அதை அடைக்கு வைத்தாள். பதினோரு முட்டை. இடி இடித்தால் கரு கலங்கும் என்று கூடையில் கரித்துண்டும் ஆணியும் போட்டாள். நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

திங்கட்கிழமை லோரி வருகிறது. ரப்பருக்கு விலை இல்லை, தோட்டத்தில் ஆள் குறைக்கிறார்கள், சொந்த ஊருக்குக் கப்பல் ஏறுகிறவர்கள் பேர் கொடுக்கலாம் என்று கணக்கெழுதும் கிராணி சொன்னார். மருமகன் போய் நாலு பேர் கொடுத்துவிட்டு வந்தான். அவன், பவுனு, பேத்திகள் இரண்டு பேர். அதே வீட்டில் சோறாக்கிப் போடுகிறவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று பவுனுவைப் பிடித்துக்கொண்டேன்.

"கேட்டா வரமாட்டேன்னுதான சொல்லுவ?"

"சொல்லுவேன். அதுக்காகக் கேக்காம இருப்பியா?"

அழுதாள். நான் கதவுக்குச் சட்டம் தேடப் போய்விட்டேன்.

ஆவணி 4, ஞாயிறு

தூறல். கூட்டு வாசலில் பலகை சாத்திக் கல் வைத்திருக்கிறேன்.

கதவுக்குச் சேர்த்தது: ரப்பர் ஷீட்டு உலர்த்தும் புகைவீட்டுப் பழைய சட்டம் நாலு. மண்ணெண்ணெய்த் தகரம் இரண்டு, அடித்து விரித்தது. மரத்தில் பால் பிடிக்கும் மங்கைக் கட்டும் கம்பி. பெட்டியில் பிடுங்கிய ஆணி.

கீல் கிடைக்கவில்லை. புகைவீட்டு மாரிமுத்துவிடம் தடித்த ரப்பர் ஷீட்டுத் துண்டு இரண்டு வாங்கினேன். இரும்பு இந்த மழைக்குத் துருப்பிடிக்கும். ரப்பர் பிடிக்குமா? என் யோசனைதான்.

மூசாங்குக்குக் கை மனுஷக் கை. கொக்கியைத் தூக்கிவிடும். அதனால் மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள், இரண்டுக்கும் முளை.

மருமகன் வந்து நின்றான். "அத்த, நான் அடிச்சிக் குடுக்கட்டுமா?"

"போங்க, போயி ஒங்க கப்பலுக்கு ஆணி அடிங்க."

ஆவணி 5, திங்கள்

நல்ல வெயில். லோரி ஏழு மணிக்கே வந்துவிட்டது. நான் கூட்டடியில் தகரம் அடித்துக்கொண்டிருந்தேன். பவுனு பின்னால் வந்து நின்றாள். பார்க்காமலே தெரியும். சின்னதிலிருந்து அவளுக்கு மூக்கடைப்பு, மூச்சு கேட்கும்.

"அம்மா, போய்ட்டு வரேன்."

அடித்தேன்.

"செவல குஞ்சு பொரிக்கிறது வெள்ளி இல்ல, அதுக்கடுத்த வெள்ளியும் இல்ல, மூணாவது வெள்ளி. வேளைக்கு எறக்கித் தண்ணி காட்டும்மா."

அடித்தேன்.

சின்னப் பேத்தி ஓடிவந்து என் முதுகில் சாய்ந்தாள். யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். லோரி சத்தம் பாலம் தாண்டும்வரை அந்த ஒரே ஆணியை அடித்தேன். வளைந்துபோனது.

மதியம் கதவு மாட்டியாயிற்று. தாழ்ப்பாள் இரண்டும் நன்றாக விழுகின்றன. சோறு பொங்கவில்லை.

ஆவணி 8, வியாழன்

இன்றும் ஐந்து பேருக்கு அரிசி போட்டுவிட்டேன். செவலைக்கு வைத்தேன். இரண்டு கொத்துக் கொத்திவிட்டு முட்டைக்கு ஓடிவிட்டது.

பைப்படியில், எங்கள் லயத்து வரிசையில் குடியிருக்கிற அஞ்சலை என் காதுபட: "ஒத்தக் கோழிக்குக் கோட்ட கட்டுறா. மகள வழியனுப்பக் காணோம்."

இவளோடு பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. பவுனுவின் சடங்குப் பந்தியில் "இந்தக் கறுப்பிய எவன் கட்டுவான்" என்றாள். கிளிப்பச்சைச் சேலை, மூன்றாவது இலை. சொல்லிவிட்டுப் பாயசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தாள். ஒன்றையும் மறக்கவில்லை நான்.

ஆவணி 16, வெள்ளி

லோரி போனதிலிருந்து மழையில்லை. தகரத்தில் கை வைக்க முடியவில்லை. முட்டைகளை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஒன்பதில் கரு இருக்கிறது. இரண்டு கூமுட்டை, எறிந்தேன்.

தாழ்ப்பாள் பக்கம் தகரமெல்லாம் நகக்கோடு. மூசாங் வந்து பார்த்துவிட்டுத் தோற்றுப் போயிருக்கிறது. என்னை மீறிச் சிரித்துவிட்டேன். "பவுனு, இங்க வந்து பாரு" என்று வாய்விட்டுக் கூப்பிட்டும்விட்டேன்.

கப்பல் இப்போது எந்தத் தண்ணீரில் போகிறதோ.

கீல் கொஞ்சம் பிசுபிசுக்கிறது. நாளை பார்க்க வேண்டும்.

ஆவணி 17, சனி

கீல் பக்கம். வெயிலில் ரப்பர் இளகி நாக்கு மாதிரித் தொங்குகிறது. தாழ்ப்பாள் இரண்டும் போட்டது போட்டபடி. மூசாங் கீல் பக்கமாகக் கதவைத் தள்ளி இடுக்கு வழியே நுழைந்திருக்கிறது. இருபது வருஷம் பால் மரத்தோடு கிடந்தவள். வெயிலில் ஷீட்டு இளகும் என்று தெரியாதா எனக்கு? தெரியும். ஆத்திரத்தில் செய்த கதவு.

செவலை கூடைக்குள்ளேயே கிடந்தது. கழுத்தில்லை. ஓடியிருக்கலாம். முட்டையை விட்டு எழவேயில்லை. ஆறு முட்டை முழுசு. இன்னும் சூடு.

மடியில் கட்டிக்கொண்டேன். லயத்தில் இப்போது அடைக்கோழி இருப்பது அஞ்சலை வீட்டில் மட்டும்தான். போனேன். வாசலில் நின்றேன்.

"என்ன அதிசயம்! மடியில என்னா?"

"முட்ட. பவுனு வச்சது. செவலைய மூசாங் கடிச்சிருச்சி."

"எத்தன நாளு?"

"பதினஞ்சு."

"அடிப்பாவி, நின்னுக்கிட்டா பேசுற? உள்ள வா, சூடு போயிரும்!"

அவள் கோழிக்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்தோம். கடைசி முட்டையை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"பவுனு லோரி கெளம்புற வரைக்கும் ஒன் சுத்தியல் சத்தத்தையேதான் கேட்டுக்கிட்டு இருந்தா. 'அம்மா நிறுத்திருச்சா பாருங்க அத்த'ன்னு எங்கிட்டயே கேட்டா. நான் என்னாத்த சொல்ல?"

பதினோரு வருஷமாகச் சேர்த்து வைத்த வசவை விட்டுவிட்டு, அவள் கோழிக்குத் தண்ணீர் எடுத்து வைத்தேன்.

ஆவணி 19, திங்கள்

மாரிமுத்து எங்கிருந்தோ இரும்புக் கீல் கொண்டுவந்தான். வாங்கி வைத்தேன். மாட்டவில்லை. யாருக்கு மாட்ட?

ஆவணி 23, வெள்ளி

மழை. ஆறில் மூன்று பொரித்தன. மற்றவை ஓட்டுக்குள்ளேயே முடிந்துவிட்டன. ஒரு குஞ்சு அசல் செவலை.

"தூக்கித்தான் பாரேன்" என்றாள் அஞ்சலை. கையை நீட்டினேன். அவள் கோழி பாய்ந்து கொத்தியது. மறுபடி நீட்டினேன், மறுபடி கொத்தியது. புறங்கையில் ரத்தம்.

"ஏய் சனியனே, அவுங்க முட்டதான்டி அது!" என்று கோழியை அதட்டுகிறாள்.

எவளோ இட்ட முட்டை. ஆறே நாள் உட்கார்ந்தது. அதற்கே இந்தப் பாய்ச்சல். நான் பெற்றவள் பின்னால் வந்து நின்று அம்மா என்றாள், நான் திரும்பாமல் ஆணி அடித்தேன்.