பில் போடும் நேரத்தில் குறைத்தவனுக்கு

நேற்று வந்த பார்சலைப் பிரித்தேன். புதுப் போர்வையின் கஞ்சி வாசம். உடனே நாம் கூட்டாக நடத்திய கடையும், போர்வையை உதறி மடிக்கும் உன் கையும் வந்து நின்றன.

போர்வைக் கடை வைத்திருந்தவன் ஃபோனில் போர்வை வாங்குகிறேன், பார்த்தாயா? பணம் கட்டும் பக்கத்தில் பழைய விலையை அடித்து, "இவ்வளவு மிச்சம்" என்று பச்சையில் எழுதி, திரையில் காகிதப் பூவெல்லாம் தூவினார்கள். என் கல்யாணத்தில்கூட எனக்கு அவ்வளவு தூவவில்லை.

மல்காஜ்கிரியில் பாதிப் பேர் நம் போர்வையில்தான் தூங்கினார்கள். நான் பாதி ஹைதராபாத் என்றே சொல்வேன். "பேச்சுலயும் கொஞ்சம் குறைடா" என்று நீ சிரிப்பாய். விலை பேசி முடிந்து, வந்தவர் பர்சைத் திறந்த பிறகுதான் நீ குரலைத் தாழ்த்தி, "உங்களுக்காக" என்று நீயாகவே குறைப்பாய். அந்த முகங்களைப் பார்க்கவே நான் கல்லாவை விட்டு எழுந்து வருவேன். "கேட்டுக் குறைச்சா அது பேரம்டா. கேக்காம குறைக்கணும்" என்பாய்.

வியாபாரம் படுத்தபோது என் தம்பி மகள் காவ்யா நமக்கு இணையக் கடை போட்டுத் தந்தாள். அது ஓடினால் கடை பிழைக்கும், இல்லையென்றால் ஷட்டர்தான். பணம் கட்டும் பக்கங்களை வடிவமைப்பதே அவள் உத்தியோகம். நான் படித்தது எட்டாவது; ஆனாலும் அவளுக்கே யோசனை சொன்னவன்.

"பெரியப்பா, டிஸ்கவுண்ட முதல்லயே பச்சை எழுத்துல காட்டணும். லேகபோதே, இல்லேன்னா பே பண்ணாமலே போயிடுவாங்க."

"நக்கோம்மா, அது வேணாம்," என்றாய். "முன்னாடியே சொல்லிட்டா அதுல என்ன இருக்கு? முழுசா கட்டட்டும். அப்புறம் நாமளா கொஞ்சம் திருப்பி அனுப்புவோம்."

"அங்கிள், அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியக் கூடாதும்மா. அதான் அழகு."

"ஹவ், அதான் சரி!" என்று மேசையைத் தட்டினேன் நான்.

தினமும் காலையில் ஃபோனைப் பார்ப்பாய். கூடையில் போர்வைகளைப் போட்டு, பணம் கட்டும் பக்கம் வரை வந்து, எல்லோரும் போயிருப்பார்கள். "பர்சைத் தொறக்கற நேரத்துல ஏன்டா எந்திரிச்சுப் போறாங்க?"

குஷாய்குடாவிலிருந்து ஒரு அம்மா மட்டும் கட்டினார். நீ ஆசையாகக் கொஞ்சம் பணத்தைத் திருப்பி அனுப்பினாய். உடனே அவரே கூப்பிட்டார்.

"நான் கேக்கவே இல்லையே, ஏன் பணம் போட்டீங்க? இது ஏதோ மோசடி."

"இல்லம்மா, உங்களுக்காக..."

"எனக்காகவா? நீங்க யாரு?"

ஆர்டரையே ரத்து செய்துவிட்டார். நீ ஃபோனைக் கவிழ்த்து வைத்தாய். "அந்தப் பச்சை எழுத்தைப் போட்டுடச் சொல்லுடா."

காவ்யா போட்டாள். மற்றவர்கள் அதைவிடப் பெரிய பச்சையில் எழுதியிருந்தார்கள். ஷட்டர் இறங்கியது. மழைக்காலம் முடிவதற்குள் நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய். நம் இடத்தில் இப்போது ஃபோன் உறை விற்கிறார்கள்.

பில் போடும்போது குறைக்கும் உன் யோசனையைத்தான் உலகமே பின்பற்றுகிறது என்று கல்யாண வீடுகளில் சொல்லித் திரிகிறேன். யாரும் மறுப்பதில்லை. என் பேச்சைக் குறைக்க நீ இல்லை.

இந்தப் போர்வைக்குக் கட்டும்போதும், பொத்தான்மேல் விரலை வைத்துவிட்டு அழுத்தாமல் சற்று இருந்தேன். எப்போதும் அப்படித்தான். யாராவது குரலைத் தாழ்த்துவார்களா என்று காத்திருப்பேன். பிறகு அழுத்திவிடுவேன். காகிதப் பூ கொட்டும், சத்தமே இல்லாமல்.