வெறும் தொட்டியில் இருந்த தோல்கள்

காலையிலிருந்து தூறல். பாலாற்றுப் பக்கத்துக் காற்று, ஆவாரம்பட்டையில் தோல் ஊறும் நாற்றத்தை என் கணக்கு வகுப்புக்குள் கொண்டுவந்து போட்டது. மாணவர்கள் மூக்கைப் பிடித்தார்கள். நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன். நீ நிற்பதாகத் தோன்றிற்று. நீ போய் இரண்டு வருஷமாகிறது, இந்தப் புத்தி இன்னும் அடங்கவில்லை.

அதே நாற்றம் உன் கைப்பிரதியிலும் உண்டு. ஆட்டுத்தோலில் சுற்றியபடி என் மேஜையில் கிடக்கிறது. எண்களுக்கு அடியில் தர்க்கத்தை அஸ்திவாரமாக வைக்கச் சீமையில் நடந்த முயற்சிகளின் வரலாறு. பதினொரு வருஷ உழைப்பு. அதில் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் நிரூபணம் மட்டும் உன் சொந்தச் சரக்கு. அச்சுக்கு அனுப்புமுன் என்னிடம் கொடுத்தாய். தத்துவ வாத்தியார் எழுதியதைக் கணக்கு வாத்தியார் ஒருமுறை பார்க்கட்டுமே என்றாய்.

வாணியம்பாடியில் உன் அண்ணனுடைய தோல் பதனிடும் ஷாப்புக்கு ஒருநாள் கூட்டிப்போனாயே, ஞாபகம் இருக்கிறதா? கழுவிக் காயவிட்டிருந்த ஒரு தொட்டியைக் காட்டினாய். உள்ளே ஒன்றுமில்லை.

"இன்னா தோஸ்த், இந்தத் தொட்டியில கீற தோல் எல்லாமே நல்ல தோல்தான். இல்லைன்னா, கெட்டதா ஒண்ணு எடுத்துக் காட்டு."

நான் சிரித்தேன். பக்கத்தில் தோல் உலர்த்திக்கொண்டிருந்தவரும் சிரித்தார். நீ மட்டும் சிரிக்கவில்லை. உன் நிரூபணமே அந்த ஒரு படியின்மேல்தான் நின்றது.

அந்த இடத்தில்தான் நான் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன். ஒன்றுமே இல்லாத இடத்தில் 'எல்லாம்' என்று சொல்லலாகாது என்று ஓரத்தில் எழுதினேன். நான் படித்த பழைய தர்க்கப் புத்தகம் அப்படித்தான் சொல்லிற்று. எழுதும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, பாவி எனக்கு.

காட்பாடி ஸ்டேஷனில் டிக்கெட் பரிசோதகரிடம்கூட விடாமல் வாதாடுகிறவன் நீ. அன்று வாதாடவில்லை. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக் கைப்பிரதிக் கட்டை வாங்கிக்கொண்டாய். அடுத்த மழைக்காலக் காய்ச்சல் உன்னை எட்டே நாளில் கொண்டுபோயிற்று.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து நான் கிளம்பும்போது, உன் மனைவி திரைக்குப் பின்னாலிருந்து இந்தக் கட்டைக் கொடுத்தனுப்பினார். "நீங்க திருப்பிக் குடுத்த நாள்லேர்ந்து அவரு இதைப் பிரிக்கவே இல்ல. நீங்களே வெச்சிக்கோங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம்.

சில மாதம் கழித்துக் கல்லூரிக்குச் சீமையிலிருந்து புதிய தர்க்க நூல் ஒன்று வந்தது. ஓரம் வெட்டாமல் ஒட்டியிருந்த ஏடுகளை நான்தான் அறுத்துப் படித்தேன். மூன்றாம் அதிகாரத்தில் உன் வெறும் தொட்டி இருந்தது. தோலும் தொட்டியும் இல்லாமல், குறிகளாக. நீ சொன்னதே சரி. தப்பு உன் பக்கத்தில் இல்லை, என் பென்சிலில் இருந்தது. அதை உன்னிடம் சொல்ல நீ இல்லை.

கைப்பிரதியை ஏடு ஏடாகப் புரட்டிவிட்டேன். எனக்கென்று ஒரு கடிதம், என்னைத் திட்டி ஒரு வரி எழுதியிருந்தாலும் தேவலை. ஒன்றுமில்லை. உன் தர்க்கப்படி, நீ எனக்கு எழுதிவைத்த கடிதங்கள் எல்லாவற்றிலும் என்னை மன்னித்திருக்கிறாய். மறுத்துக்காட்ட ஒரு கடிதம்கூடக் கிடையாது. இரண்டு நாள் அது ஆறுதலாக இருந்தது. பிறகுதான் உறைத்தது. எல்லாவற்றிலும் மன்னிக்க மறுத்திருக்கிறாய் என்பதும் அதே அளவுக்கு மெய். இரண்டையும் சுமந்துகொண்டுதான் தினமும் கரும்பலகை முன்னால் போய் நிற்கிறேன்.