மச்சானின் பெயர்

மச்சான்,

காலையில் மருமகள் வாசலில் நின்று உங்கள் பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த நான் அகப்பையை அப்படியே போட்டுவிட்டு, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன். நீங்கள் வந்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன்.

அவள் கூப்பிட்டது உங்கள் பேரனை. நீங்கள் மௌத்தாகிக் கண்மூடிய மறு வருசம் பிறந்தவன். உங்கள் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். நடக்கப் பழகியதிலிருந்து ஒரு இடத்தில் நிற்பதில்லை, அப்படியே உங்களைப் போல. "மாமனார் பேரை இப்படியாடி கூவுவாக?" என்று கேட்டால், "புள்ளயத்தான மாமி கூப்பிடுறேன்" என்கிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

புருசன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி எங்கள் வீட்டில் வளர்த்தார்கள். அதனால் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. நீங்கள் விட்டீர்களா? தாயில்பட்டிக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் அலைந்து நம் அச்சாபீசுக்கு வெடிப்பெட்டி லேபிள் ஆர்டர் பிடித்துவிட்டு, அச்சு மை வாடையோடு சோற்றுக்கு உட்காருவீர்கள். "ஒருக்கா என் பேரைச் சொல்லு புள்ள. ஊர்ல அம்புட்டுப் பேரும் கூப்பிடுறாக, நீ மட்டும் மாட்டேங்கிற." "போங்க மச்சான், உங்களுக்கு வேற வேலையே இல்ல" என்பேன். அதற்கு ஒரு சிரிப்பு. தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கிற சிரிப்பு.

தீபாவளி சீசனில்தான் நெஞ்சுவலி என்று உங்களை விருதுநகருக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிய நர்ஸ், "பேரு என்னக்கா?" என்று கேட்டாள். மகன் வண்டியை நிறுத்தப் போயிருந்தான். நான் அவன் வருகிறானா என்று வாசலைப் பார்த்தேன். ஸ்ட்ரெச்சரில் கிடந்த நீங்கள் கண்ணைத் திறந்து, "அவ சொல்ல மாட்டா சிஸ்டர். நான் சாகக் கிடந்தாலும் சொல்ல மாட்டா" என்று சொல்லிச் சிரித்தீர்கள். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. பேனாவை வாங்கி, இஸ்ஹாக் என்று எழுதிக் கொடுத்தேன். எழுதினால் குற்றமில்லை.

அந்த நர்ஸ் வேதக்காரப் பெண். "எங்க வேதத்துல ஈசாக்குன்னு வரும்க்கா, இதே பேருதான். எபிரேய மொழிப் பேரு. 'அவன் சிரிப்பான்'னு அர்த்தம். தள்ளாத வயசுல புள்ள பிறக்கும்னு சொன்னதைக் கேட்டு அவுக அம்மா சிரிச்சாக. அதான் அந்தப் பேரு" என்றாள். அவரைப் பெற்ற சாரா அம்மா சிரித்த கதை, சின்ன வயதில் ஓதப் போன இடத்தில் நானும் கேட்டதுதான். அந்தச் சிரிப்புத்தான் உங்கள் பெயர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லத் திரும்பினேன். அதற்குள் உங்களை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு உங்கள் மையித்தைத்தான் துணி சுற்றித் தந்தார்கள்.

பெயரைச் சொல்லாமல் காப்பாற்றிய ஆயுசு இவ்வளவுதானா என்று அல்லாவிடம் சண்டை போட்டேன். உங்களிடமும் போட்டேன். நீங்கள் பதிலுக்குச் சிரித்தீர்கள். ஆமாம், சிரித்தீர்கள். மத்தியானம் எங்கோ பட்டாசுக் கம்பெனியில் வெடியைச் சோதித்துப் பார்க்கும் சத்தம் ஓய்ந்ததும், மாடிப்படியில் அந்தச் சிரிப்பு கேட்கும். மகனிடம் சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போவான். சொல்லவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அது கேட்காத நாளில் சோறு இறங்காது.

போன வெள்ளிக்கிழமை பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு மருமகள் மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனாள். பேப்பர் லோடு இறக்க வந்த வேன் தெருவில் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. பிள்ளை என் கையை உதறிவிட்டு அதற்கு நேராக ஓடினான். ராசா என்று கத்தினேன், தங்கம் என்று கத்தினேன். திரும்பவே இல்லை.

"இஸ்ஹாக்!"

பிள்ளை நின்றுவிட்டான். வேனும் நின்றது. ஓடிப்போய் அள்ளிக்கொண்டேன். அவன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். மேலேயிருந்து மருமகள், "மாமி, நீங்களா கூப்பிட்டீக?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து மாடிப்படியில் சிரிப்பு கேட்கவில்லை மச்சான். மத்தியானம் வெடிச்சத்தம் ஓய்ந்ததும் போய் உட்கார்ந்து பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்டுக் கேட்டும் உங்களுக்குக் கொடுக்காததை அவனுக்குக் கொடுத்துவிட்டேன். இந்த வீட்டில் உங்களுக்கு மிச்சமிருந்த ஆயுசையும் நானே முடித்துவிட்டேனோ மச்சான்?

ஆனால் இவன் மறுபடியும் ஓடினால், மறுபடியும் கூப்பிடுவேன்.