ஒரு நாள் ஊறிய புல்

அட்டாளைச்சேனை
20.01.2025, திங்கள்

அன்புள்ள நண்பர் கிறகரிக்கு,

நானும் மகளும் சுகம். நீங்களும் மகள் சொனியாவும் சுகமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன். நத்தார் பண்டிகைக்கு நான் கல்முனைக்கு வரவில்லை என்ற கோபம் இருக்கும். அதைப் பிறகு தீர்த்துக்கொள்வோம். உங்களுக்குக் காது கேட்குமென்றால் டெலிபோனிலேயே கதைத்திருப்பேன். எங்கள் ஊரில் சொனியா படிப்பிக்கும் கல்லூரி வாசலில் காத்து நின்று இதைக் கொடுக்கப் போகிறேன்.

மருமகன் றாஸிக் மோட்டார் சைக்கிளில் விழுந்து, கால் முறிந்து, மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அறுகம்பேயில் உல்லாசப் பயணிகளை ஏற்றுகிற அவருடைய குதிரை எங்கள் வளவில் நிற்கிறது. மகளுக்கு வயிற்றில் ஏழு மாதம். ஆகவே குதிரையைப் பார்க்கிறவன் நான். அதற்கு இருமல் உண்டு, தூசு ஆகாது, காய்ந்த புல்லை ஊறவைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று றாஸிக் சொன்னார். அப்படியே கொடுத்தேன்.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு தின்பதை நிறுத்திவிட்டது. முன்னங்காலால் மண்ணைப் பறிக்கிறது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்க்கிறது. இன்று சுபஹ் தொழுகையிலிருந்து ஒன்பது தரம் படுத்து எழும்பியிருக்கிறது. நேரங்களைக் குறித்து இத்துடன் வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் மாட்டு டொக்டர் லீவு. நீங்கள் மிருக வைத்திய அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தவர். எனக்கு வேறு யாரையும் தெரியாது.

இந்தக் குதிரைதான் அவர்களுடைய உழைப்பு. வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னறையில் இருக்கிறவன் நான். இது செத்தால் அந்தப் பின்னறையில் எந்த முகத்தோடு இருப்பேன்?

முத்தலிப்


கல்முனை
20.01.2025, மாலை

முத்தலிப் மாஸ்டர்,

இதை எழுதியதும் சொனியா படமெடுத்து உங்கள் போனுக்கு அனுப்புவாள்.

தீனை முழுவதும் அகற்றுங்கள். தண்ணீர் வைக்கலாம். படுத்து உருள விடாதீர்கள். கயிற்றைப் பிடித்து மெதுவாக நடத்துங்கள். ஓம், நீங்கள்தான். குதிரை என்றால் உங்களுக்குப் பயம் என்று தெரியும். அதற்கு அது தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த டொக்டர் ஒருவர் இப்போதே காரில் வருகிறார்.

ஒன்று கேட்கிறேன். நேரங்களையெல்லாம் எழுதிய மனிதர், புல்லை எவ்வளவு நேரம் ஊறவைத்தீர் என்பதை மட்டும் ஏன் எழுதவில்லை?

கிறகரி


அட்டாளைச்சேனை
22.01.2025, புதன்

அன்புள்ள கிறகரி,

குதிரை பிழைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். டொக்டர் ஊசி போட்டு, மூக்கால் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். நேற்றுக் காலையில் லத்தி போட்டது. அதைப் பார்த்து நான் அழுதேன். டொக்டர் வரும்வரை வளவைச் சுற்றி நடத்தினேன். அது ஓரடி வைத்தால் நான் இரண்டடி விலகினேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். எவ்வளவு நேரம் என்று றாஸிக் சொல்லவில்லை. கேட்டால், கணக்கு மாஸ்டருக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைப்பாரோ என்று நான் கேட்கவில்லை. ஊறவைப்பது என்றால் எனக்குத் தெரிந்தது விதைநெல் மட்டும்தான். சம்மாந்துறை வயலில் வாப்பா செய்தபடி ஒரு நாள் தண்ணீரில் போட்டேன். பிறகு வடித்து, சாக்கால் சுற்றி, இன்னொரு நாள் மூடி வைத்தேன். பிரித்தபோது சூடாக இருந்தது, புளித்த மணமும் வந்தது. சரியாக ஊறியிருக்கிறது என்று நினைத்தேன். டொக்டர் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டபோது, காய்ந்த புல் என்று மட்டும் சொன்னேன்.

இனித்தான் பயமே. எங்களுக்குப் புல் விற்கிறவர் அஸ்கி என்ற இளைஞர். மகள் நடந்ததைச் சொன்னதும் றாஸிக் ஊர் விவசாயிகளின் வட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டுவிட்டார்: “அஸ்கிட புல்ல ஒருத்தரும் வாங்காதீங்க. பூஞ்சணம் புடிச்ச புல்லத் தந்து என்ட குதிரைய சாகடிக்கப் பாத்தான்.” மாட்டுப் பட்டிக்காரர் மூன்று பேர் அவரிடம் புல் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

அஸ்கி நேற்று மாலை ஒரு புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் கேற்றடிக்கு வந்தார்.

“மாஸ்டர், மோந்து பாருங்க. பூஞ்சணம் மணக்குதா? நீங்களாவது மருமகனுக்கு எடுத்துச் சொல்லுங்களன்.”

“எனக்கு இதெல்லாம் வெளங்காது, மகன்” என்றேன்.

புல்லுக்கட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். றாஸிக் சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

முத்தலிப்


கல்முனை
22.01.2025, மாலை

முத்தலிப் மாஸ்டர்,

என்ன செய்ய வேண்டும் என்பது தெரியாமல் நீங்கள் கேட்கவில்லை. வேறு வழி ஏதும் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். இல்லை.

அரை மணி நேரம் ஊற வேண்டிய புல்லை இரண்டு நாள் வைத்துக் கெடுத்தது அறியாமை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். நாற்பது வருடத்துக்கு முன் நானும் ஒரு பசுவை இப்படித்தான் கொன்றேன். ஆனால் கேற்றடியில் நீங்கள் சொன்ன பதிலை வாசித்துவிட்டுச் சொனியா கடிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்தாள். உங்களை மாமா என்று கூப்பிட்டு வளர்ந்த பிள்ளை.

றாஸிக் எங்கே சொன்னாரோ அங்கேயே சொல்லுங்கள். அவருடைய காதில் மட்டும் சொன்னால் அஸ்கிக்கு என்ன கிடைக்கும்? சொன்ன பிறகு எழுதுங்கள். அதுவரை எழுத வேண்டாம்.

கிறகரி


அட்டாளைச்சேனை
23.01.2025, வியாழன்

அன்புள்ள கிறகரி,

எழுதலாம் என்பதால் எழுதுகிறேன்.

குழுவில் இருநூற்றுப் பதினாறு பேர். பாதிப் பேர் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். முதலில் தாளில் எழுதி வைத்து வாசித்தேன். முதல் தரம் ஸலாம் சொன்னதும் பதிவுப் பட்டனிலிருந்து விரல் நழுவிவிட்டது. இரண்டாம் தரம் ஒரு வரியைத் தவறவிட்டேன். மூன்றாம் தரம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது குதிரை கனைத்தது. நான்காவது தரம் தாளைப் பார்க்கவில்லை. உங்களுக்குக் கேட்காது என்பதால், சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

“அஸ்ஸலாமு அலைக்கும். முத்தலிப் மாஸ்டர் கதைக்கன். அஸ்கிட புல்லுல ஒரு பிழையுமில்ல. கொஞ்ச நேரம் ஊறவெச்சுக் குடுக்கிற புல்ல நான் விதநெல்லு மாதிரி ஊறவெச்சு, சாக்கால மூடி வெச்சுப் புளிக்க விட்டுட்டன். கேக்க வெக்கப்பட்டன். பொறகு அஸ்கி வந்து கேட்ட நேரமும் மறைச்சன். அவர்ட்ட வாங்கினவங்க திரும்ப வாங்குங்க. றாஸிக் மகன், பிழை என்ட.”

அனுப்பியதும் போனைத் தலையணைக்குக் கீழே வைத்தேன். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மகளுடைய போனில் என் குரல் கேட்டது. கை கழுவாமலே ஓடி வந்தாள்.

“வாப்பா, எனக்கிட்டயாவது முதல்ல சொல்லியிருக்கலாமே. ஊருக்கே சொல்லிட்டுத்தானா எனக்கு?”

“ஒனக்கிட்டச் சொன்னா நீ சொல்ல விட மாட்டாய், மகள்.”

கட்டிலில் என் பக்கத்தில் இருந்தாள். பிறகு எழும்பிக் குசினிக்குப் போனாள்.

தலையணைக்குக் கீழே போன் நடுங்கியபடியே கிடந்தது. யார் என்ன சொன்னார்கள் என்று நான் பார்க்கவில்லை. சிரிக்கிறார்களோ, ஏசுகிறார்களோ. இப்போது அடிக்கிறது. தலையணையைத் தூக்கிப் பார்த்தேன். றாஸிக்கின் பெயர்.

நின்றுவிட்டது.

மறுபடி அடிக்கிறது. பேனையை வைத்துவிட்டு எடுக்கப் போகிறேன்.

முத்தலிப்