குடிக்காமல் மிஞ்சிய இஞ்சிச் சோடா

மாமி,

இன்று உங்களுடைய முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, குசினிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியடியில் குந்தி கிளாஸ் கழுவினேன். சாப்பாட்டுக்குப் பின் எல்லாருக்கும் எங்கள் இஞ்சிச் சோடாவைத்தான் கொடுத்தோம். ஒரு கிளாஸையும் நான் சும்மா தண்ணீருக்குள் அமிழ்த்தவில்லை. ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு உயர்த்தி, அடியைப் பார்த்துவிட்டுத்தான் கழுவினேன். எல்லாம் வெறுமை. ஒன்றில் மட்டும் அரைவாசி அப்படியே இருந்தது. விளிம்பில் வெற்றிலைச் சிவப்பு. கோயில் தர்மகர்த்தா ஐயாவுடையது. அவர்தான் படியிறங்கும்போது, "அவ போனாலும் அவவின்ர கைப்பக்குவம் போகேல்லை" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னவர். அந்த முதல் சோடாவுக்குப் பிறகு இரண்டு வருசமாகியும் அவர் மாறவே இல்லை, மாமி. மிஞ்சியதை வாழையடியில் ஊற்றும்போது இஞ்சி மணம் மூக்கில் ஏறியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செத்தவீட்டில் சிரிக்கிறாள் என்று யாரும் நினைக்கக் கூடாதே என்று, முகம் கழுவுவதுபோலத் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு எங்கள் ஊர் இறக்கக்கண்டியிலிருந்து, வீட்டோடு சேர்ந்த உங்கள் சோடாக் கடைக்கு வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. அப்பா கடலுக்குப் போகிறவர். எனக்குக் கீழே நான்கு பேர். போத்தல் கழுவும் வேலையும் சாப்பாடும் தந்து, கடையின் பின்னறையில் என்னை இருத்தினீர்கள். நான் யாரோடும் கதைப்பதில்லை. ஆட்கள் வந்தால் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுவிடுவேன். நீங்களோ கடைக்குள் பேசினால் கடற்கரையில் படகு ஏறுகிற ஜெட்டியில் லாஞ்சிக்கு நிற்கிறவர்களுக்குக் கேட்கும். கழுத்தில் கோலிக்குண்டு மாதிரிக் கண்ணாடிப் போளை அடைத்த பழைய சோடாப் போத்தல் ஒன்றை எடுத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி என்னைக் கேலி செய்வீர்கள்.

"எங்கட பிள்ளையும் இந்த மாதிரித்தான். உள்ளுக்கு எல்லாம் இருக்கு. போளை இறங்கினாத்தானே வெளியில வரும்!"

அந்த வருசம் சீனிக்குத் தட்டுப்பாடு. கொழும்பிலிருந்து வருகிற ஒறேஞ் எசன்ஸும் நின்றுபோனது. அடுக்கிலிருந்த போத்தல்களில் தூசி படிந்தது. தீபாவளிக்கு விற்கக்கூடிய புதுச் சோடா ஒன்று வராவிட்டால், கடையைப் பூட்டிவிட்டு மட்டக்களப்பில் தங்கையோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் குரல் ஜெட்டி வரைக்கும் போகவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. ஊருக்குத் திரும்பினால் கருவாடு காயவைக்கிற வேலை இருக்கிறது. அது பெரிய கஷ்டமில்லை. ஆனால் உள்ளே போய்க் கொளுக்கி போட்டுக்கொள்ள ஓர் அறை எனக்கு முதன்முதலாகக் கிடைத்தது உங்கள் கடையில்தான்.

சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைப் போட்டு, இஞ்சி சேர்த்துக் காய்ச்சி, காஸ் அடித்து நீங்களே ஒரு சோடா செய்தீர்கள். மண்ணிறம். மூடியைத் திறந்தாலே தும்மல் வரும். ஒரு வாய் குடித்துவிட்டு, வெற்றிலையை மற்றக் கன்னத்துக்கு ஒதுக்கி, "இன்னும் கொஞ்சம் இஞ்சி வேணும்" என்றீர்கள். போட்டீர்கள். பிறகு, "நான் மட்டும் நல்லம் எண்டாக் காணாது. நாலு பேர் சொல்ல வேணும்" என்று ஊர்ப் பெரியவர்களுக்கு ஆள் அனுப்பினீர்கள்.

தர்மகர்த்தா ஐயா வந்தார். தபால் கந்தோர் ஐயா வந்தார். பக்கத்து வளவுப் பள்ளிக்கூட ரீச்சர் சீலை மாற்றிக்கொண்டு வந்தா. நல்ல கதிரைகள் போட்டு, மேசைக்குப் புது விரிப்பு விரித்து, தட்டத்தில் கிளாஸ் வைத்து நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"அருமை, தங்கச்சி!" என்றார் தபால் கந்தோர் ஐயா.

"கொழும்பிலயும் இப்பிடி ஒண்டு கிடையாது" என்றார் தர்மகர்த்தா ஐயா.

ரீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் உறைப்புத்தான். ஆனா நல்ல உறைப்பு" என்றா.

அவர்கள் போன பிறகு கிளாஸ்கள் என்னிடம் வந்தன. இரண்டில் அரைவாசிக்கு மேல் அப்படியே இருந்தது. ரீச்சரின் கிளாஸ் மட்டும் வெறுமை. ஆனால் அவ இருந்த கதிரைக்குப் பக்கத்துக் குரோட்டன் சாடியில் மண்ணெல்லாம் நுரை.

மூன்று நாள் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். நாலாம் நாள், இருக்கிற பனங்கட்டி முழுவதையும் ஒரே தரத்தில் காய்ச்சப் போவதாகச் சொல்லிப் பெரிய கிடாரத்தை இறக்கச் சொன்னீர்கள். அது பிழைத்தால் தீபாவளிக்குள் வேறு பனங்கட்டி தேட முடியாது. நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மாமி... கிளாஸ்..."

"என்ன கிளாஸ்? உடைச்சுப் போட்டியோ?"

"இல்லை. ஒருத்தரும் குடிக்கேல்லை."

உங்கள் முகம் சிவந்தது. "என்ர வீட்டுக்கு வந்து, என்ர கதிரையில இருந்து, அவை எனக்குப் பொய் சொல்லுவினமோ?"

"உங்கட கதிரையில இருந்தபடியாத்தான், மாமி..."

மிச்சம் எனக்கு வரவில்லை. நீங்கள் வீடு அதிரச் சிரித்தீர்கள். "போளை இறங்கிட்டுது!"

கிடாரத்தை ஒதுக்கி வைத்தாலும் நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அது நோன்பு மாதம். "மரியாதைக்காரர் வேண்டாம். பசிச்ச வாய் பொய் சொல்லாது" என்று, நோன்பு துறக்கிற நேரத்துக்குப் பள்ளிவாசலில் கொடுக்கச் சொல்லி, எங்கள் போத்தல் வண்டி ஓட்டுகிற காசிம் காக்காவிடம் இரண்டு கூடை சோடா அனுப்பினீர்கள். அடுத்த நாள் காலை போத்தல்கள் திரும்பி வந்தன. ஒன்றிலும் ஒரு சொட்டு இல்லை.

"மிச்சத்தைப் பார், மிச்சத்தைப் பார் எண்டு சொன்னியே. இப்ப பார்!" என்று ஒவ்வொரு போத்தலாக என் முகத்துக்கு முன்னால் கவிழ்த்துக் காட்டினீர்கள். நான் நம்பியிருந்த ஒரே சாட்சி எனக்கு எதிராகத் திரும்பிவிட்டது.

கூடையை இறக்கிக்கொண்டிருந்த காசிம் காக்காதான் தொண்டையைச் செருமினார். "கோவிக்கப்படாது மாமி. இந்தக் கச்சான் காத்து வெக்கைக்குள்ள நாள் முழுக்க நோன்போட இருந்திட்டு, பாங்கு சொன்ன உடன கடல் தண்ணியத் தந்தாலும் அல்ஹம்துலில்லாஹ் எண்டு குடிப்பம். அதிலயும் நம்மட மாமி அனுப்பினது எண்டா மிச்சம் வைப்பமா?"

நீங்கள் போத்தலைக் கீழே வைத்தீர்கள். "அப்ப நான் ஆரிட்டத்தான் கேக்கிறது?" காசிம் காக்காவைப் பார்த்தீர்கள், முகட்டைப் பார்த்தீர்கள், கடைசியில் என்னைப் பார்த்தீர்கள். "நீ சொல்லு. ஆரிட்டக் கேக்க?"

அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்திலும் கேட்டதில்லை. போத்தல் கழுவும்போது யோசித்து வைத்திருந்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகொண்டு வந்தன. உங்களைத் தெரியாத ஆட்களிடம் கேட்கவேண்டும் என்றேன். முதலில் தண்ணீர் கொடுத்துத் தாகத்தைத் தீர்த்துவிட்டுக் கேட்கவேண்டும் என்றேன். "சோடா வாங்கிக் குடிக்கிற ஆக்களா இருக்கவேணும், மாமி. தர்மகர்த்தா ஐயா எங்கட கடையில ஒரு நாளாவது சோடா வாங்கினவரோ?"

"இல்லைத்தான்" என்றீர்கள்.

"வெத்திலை போடாத ஆக்களாயும் இருக்கவேணும்."

"வெத்திலைக்கு என்ன?"

"வெத்திலை போட்ட வாய்க்கு இஞ்சி தெரியாது."

காசிம் காக்கா வண்டி மாட்டைப் பார்க்கப் போவதுபோல வெளியே போய்விட்டார். நீங்கள் படிக்கத்தை இழுத்து, வாயிலிருந்ததைத் துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு வந்து, உங்கள் சோடாவில் ஒரு வாய் குடித்தீர்கள். பிறகு இருமினீர்கள். "எடியே, இது நெருப்பு!" என்றீர்கள்.

அடுத்த நாள் மூதூர் லாஞ்சிக்கு ஆட்கள் நிற்கிற ஜெட்டிக்குப் போனோம். இரண்டு சாடி சோடா, ஒரு குடம் தண்ணீர், ஆறு கிளாஸ். தட்டமும் விரிப்பும் வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். நீங்களும் வரவேண்டாம் என்றேன். "வாய் திறக்கமாட்டன்" என்று சத்தியம் செய்து, சீலைத் தலைப்பால் முக்காடு போட்டு, அரிசி மூட்டைகளுக்கு நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தீர்கள். உங்களை அப்படிப் பார்த்தால் பெரிய மூட்டை ஒன்றுக்குச் சீலை உடுத்தியதுபோல இருந்தது.

கேட்கவேண்டிய ஆள் நான்தான் என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் உறைத்தது. கிளாஸ்களைத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தேன். லாஞ்சி வரும் நேரமாகிவிட்டது. மூட்டைகளுக்குள்ளிருந்து காகம் கரைவதுபோல ஓர் இருமல் வந்தது. இன்னொரு இருமல். மூன்றாவது இருமலுக்கு நான் நடந்தேன். இடுப்பில் பிள்ளையோடு நின்ற மூதூர்ப் பெண் ஒருவர், கைப்பிள்ளை இருந்தபடியால் நோன்பு பிடிக்காதவர், சாமான் பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தண்ணி குடிச்சிட்டு... இதை ஒருக்காக் குடிச்சுப் பாருங்கோ. புதுச் சோடா."

குடித்தார். கிளாஸைத் தூரப் பிடித்தார். "என்ன புள்ள இது? காச்சக்காரருக்குக் குடுக்கிற கசாயமா?" இடுப்பிலிருந்த பிள்ளை ஒரு துளி நக்கிவிட்டு அழத் தொடங்கியது.

பக்கத்தில் குடை வைத்திருந்த மனிதர் தானும் வாங்கிக் குடித்துப் பார்த்தார். "நெஞ்செல்லாம் எரியுது, தங்கச்சி. ஆர் செஞ்சது இதை? சீனி கிடைக்காத கோவத்தை எங்களிட்டக் காட்டுறா போல!"

மூட்டைகளுக்கு நடுவிலிருந்து நீங்கள் எழும்பினீர்கள். முக்காடு விழுந்துவிட்டது. "நான்தான் செஞ்சனான்! என்ன குறை எண்டு வடிவாச் சொல்லுங்கோ!"

குடைக்காரர் இன்னும் ஓர் அடி பின்னால் வைத்திருந்தால் கடலுக்குள் விழுந்திருப்பார். அந்தப் பெண் அசையவில்லை. பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "இஞ்சியப் பாதியாக் குறைங்க. அடியில பனங்கட்டி மணம் வருது, அது நல்லாரிக்கி. அதக் கெடுக்காதீங்க" என்றார்.

நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "தங்கச்சி, நீங்கள் திரும்ப எப்ப வருவீங்கள்? அடுத்த தரமும் நீங்கள்தான் குடிச்சுச் சொல்லவேணும்."

நான் உங்கள் சீலையை இழுத்தேன். "ஏலாது, மாமி. அவவுக்கு இப்ப உங்களைத் தெரிஞ்சுபோச்சு."

நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் அழுத பிள்ளையும் சிரித்தது.

அதன் பிறகு மூன்று தரம் ஜெட்டிக்குத் தனியாகத்தான் போனேன். ஒவ்வொரு தரமும் இஞ்சி குறைந்தது; ஒவ்வொரு தரமும் புது ஆட்கள். வீட்டுக்கு வந்ததும், ஆட்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்பதை நீங்கள் விட்டுவிட்டு, என் கையிலிருந்த கிளாஸ்களை வாங்கி அடியைப் பார்க்கத் தொடங்கினீர்கள். மூன்றாம் தரம் கிளாஸ் எல்லாம் வெறுமை. ஒரு பள்ளிக்கூடப் பெட்டை திரும்பி வந்து, "இன்னும் இருக்கோ, அக்கா?" என்று கேட்டாள். அதை உங்களிடம் சொன்னபோது, "இதை அண்டைக்கு அந்தக் கதிரைக்காரர் ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றீர்கள். கிடாரத்தை அடுப்பில் ஏற்றினீர்கள். தீபாவளிக்கு முதல் நாள் அடுக்கில் ஒரு போத்தல் மிஞ்சவில்லை. மட்டக்களப்புக் கதையையும் பிறகு நீங்கள் எடுக்கவில்லை.

இந்த வருசம் தேசிக்காயில் ஒன்று செய்வோம் என்று தொடங்கியதும் நீங்கள்தான். அதற்குள் படுத்துவிட்டீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல நான் செய்து, முதல் கிளாஸைக் கட்டிலடிக்குக் கொண்டுவந்தேன். தலையணையில் சாய்ந்து குடித்தீர்கள். "நல்லா இருக்கு, பிள்ளை. நல்ல வடிவா வந்திருக்கு" என்றீர்கள்.

நான் கிளாஸை வாங்கி உயர்த்திப் பார்த்தேன். முக்கால்வாசி இருந்தது.

"கிளாஸ் வேற கதை சொல்லுது, மாமி."

சிரித்தீர்கள், சிரிப்பு இருமலாகி, இருமல் திரும்பச் சிரிப்பாகியது. "மருந்து குடிச்ச வாயடி. அதோட, செஞ்சது நீ. நான் இதுக்குச் சரியான ஆள் இல்லை. வேற ஆளப் பார்."

குசினிக்குப் போய் அந்த மிச்சத்தை நானே குடித்தேன். புளிப்புக் கூடிப்போயிருந்தது. நீங்கள் சொன்னது பொய். எனக்கு யாரும் அவ்வளவு ஆசையாகப் பொய் சொன்னதில்லை.

இப்போது கடையைப் பார்க்க உங்கள் தங்கை மட்டக்களப்பிலிருந்து வந்திருக்கிறா. இன்று கிளாஸ் கழுவி முடிகிற நேரம் தொட்டியடிக்கு வந்தா. "துக்கத்துக்கு வந்த சனம் நாளைக்கும் வருகுது. அந்தத் தேசிக்காய்ச் சோடாவை அவைக்குக் குடுத்துக் கேப்பமே?" என்றா.

"இல்லை, சின்ன மாமி" என்றேன். "செத்தவீட்டுக்கு வந்த ஆக்கள் குறை சொல்லமாட்டினம்."

என் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது. முன்னறையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கே வெட்கமாகிவிட்டது. ஆனால் மெஷினுக்குப் பின்னால் போகவில்லை.

தேசிக்காயைக் குறைத்துப் புதிதாகக் கலந்து வைத்திருக்கிறேன். காலை மூதூர் லாஞ்சிக்கு ஆட்கள் சேருகிற நேரம், இரண்டு சாடியும் தண்ணீர்க் குடமும் கொண்டு ஜெட்டிக்குப் போகிறேன். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் இருமுவதற்கு யாரும் இல்லை, மாமி. முதல் ஆளை நானே போய்க் கேட்பேன்.